சிறைப்பட்டவரும் கப்பித்தானும்: குளச்சல் போருக்குப் பிந்திய திருவிதாங்கூர்ச் சொல்வழக்கு

போரில் பிடிபட்டவரைக் குறிக்க இன்று நாம் ஆளும் ‘போர்க்கைதி’ என்னும் தொடர், அரபு மூலத்தினின்று வந்த ‘கைதி’ என்ற சொல்லோடு தமிழ்ச்சொல் இணைந்து அமைந்ததாகும். 1929, 1949 ஆகிய ஆண்டுகளின் ஜெனீவா உடன்படிக்கைகள் வரையறுத்த ஒரு சட்ட நிலையை அது சுட்டுகிறது. இத்தொடரைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது ஆள்வது பொருந்துமா என்பதை, திருவிதாங்கூரிடம் சிறைப்பட்ட டி லனாயின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பழந்தமிழில் ‘கொண்டி’ என்பது பகைப்புலத்தில் கொள்ளப்பட்ட பொருள். பட்டினப்பாலை சுட்டும் ‘கொண்டி மகளிர்’ அவ்வாறு கொண்டுவரப்பட்டு, அம்பலத்தில் விளக்கேற்றும் பணியில் அமர்த்தப்பட்ட பெண்டிர். கவர்ந்த பொருளுக்கும் கவரப்பட்ட ஆளுக்கும் ஒரே சொல் வழங்கியமை கருதத்தக்கது. பிடிபட்டவருக்கு உரிமை இல்லை. பயன் மட்டுமே உண்டு.

கொல்லம் 916 ஆடியில், அதாவது 1741 ஆகஸ்டில், இலங்கையிலிருந்து வந்திறங்கிய டச்சுக் கம்பெனிப் படை குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்றது. பிடிபட்ட ஐரோப்பியர் பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான யுஸ்தாக்கியுஸ் டி லனாய் அரசரின் படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்தார், கோட்டைகளைப் புதுக்கினார், உதயகிரியில் பீரங்கி வார்ப்பதற்கும் வழி செய்தார். நாளடைவில் படைத்தலைமையும் அவரிடம் வந்தது.

அவருக்கு வழங்கிய பட்டம் ‘வலிய கப்பித்தான்’. இதன் இரண்டாம் உறுப்பு போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது.  டச்சுக் கம்பெனியின் வீரரொருவர் போர்த்துக்கீசியச் சொல்லால் மலையாள நாட்டில் அறியப்பட்டார் என்பது சுவையானதே. முதல் உறுப்பில் மொழிபெயர்ப்பாளர் சறுக்க இடமுண்டு. மலையாளத்தில் ‘வலிய’ என்பதற்குப் ‘பெரிய’ என்றே பொருள். தமிழ்ப்பொருள் கொண்டு ‘வலிமை மிக்க’ என எழுதினால் பதவிப்பெயர் புகழ்மொழியாகிவிடும். உதயகிரியோ மக்கள் வழக்கில் தில்லானைக் கோட்டை எனவும் பெயர் பெற்றது. சிறைப்பட்டவரின் பெயரே சிறைக்கு ஆகிவந்தது.

1777 ஜூன் முதல் நாள் அவர் இறந்தார். உதயகிரிக் கோட்டையினுள் உள்ள கல்லறையில் லத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் எழுத்துப் பொறிப்பு உண்டு. லத்தீன் வாசகம் வழிப்போக்கரை நிற்கச் சொல்லி, ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அரசருக்கு மிகுந்த உண்மையுடன் பணிபுரிந்தவர் எனவும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அவருக்கு அடிப்படுத்தியவர் எனவும் கூறுகிறது. சிறைப்பட்ட செய்தி அதில் இல்லை. இறந்த ஆண்டிலிருந்து முப்பத்தேழைக் கழித்தால் 1740 கிடைக்கும். குளச்சலிலிருந்து எண்ணினாலோ முப்பத்தாறு ஆண்டுகளும் நிறையவில்லை. ஆகவே, சிறையிருந்த காலம் முழுவதும் இக்கணக்கில் ஊழியமாகவே எண்ணப்பட்டுள்ளது எனலாம். ஒரு சொல்லை விடுப்பதால் மட்டுமன்றி, ஓர் எண்ணைச் சேர்ப்பதாலும் வரலாறு மாற்றி எழுதப்படும்.

பகைநாட்டாரை அவர்தம் நாட்டுக்கு எதிராகப் போரிடுமாறு வற்புறுத்தலாகாது என 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் தடுத்தன. போர்க்கைதியைப் பகைப்படையில் பணிபுரிய வற்புறுத்துவதை 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை கடும் மீறல்களுள் ஒன்றாக வைத்தது. போர் ஓய்ந்ததும் காலந்தாழ்த்தாது விடுவிக்க வேண்டும் என்றும் விதித்தது. டி லனாயைப் ‘போர்க்கைதி’ என எழுதும்போது இவ்விதிகள் அனைத்தும் சொல்லோடு உடன் வந்து நிற்கின்றன. அவர் விரும்பிப் பணி ஏற்றாரா என்னும் வினா நமக்கு எழுகிறது. ‘கொண்டி’ வழங்கிய மொழியில் அவ்வினாவுக்கு இடமில்லை. எனவே ‘சிறைப்பட்டவர்’ என்பதே அக்காலத்துக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

அவர் பெற்ற மதிப்பைக் கொண்டு அரசின் பொது இயல்பைக் கணிப்பதும் தவறாகும். சில ஆண்டுகள் முன்னரே, அரசரை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் கொல்லப்பட்டனர். அவர்தம் மனைகள் இடிக்கப்பட்டுக் குளமாக்கப்பட்டன எனவும், பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்புவிக்கப்பட்டனர் எனவும் மரபு கூறும். இவை ‘குளம் தோண்டல்’, ‘துற கயற்றல்’ எனப்பட்டன. முன்னது இன்றும் மலையாளத்தில் அடியோடு அழித்தலைக் குறிக்கும் மரபுத்தொடர். பீரங்கி வார்க்கத் தெரிந்த அயலாருக்குப் பட்டம் கிடைத்தது. சொந்த நாட்டுப் பகைவரின் மக்களுக்குக் கிடைத்தது துறை. இரண்டையும் ‘தோற்றவரை நடத்திய முறை’ என்னும் ஒரே தலைப்பில் வைத்துப் படிக்க நூல்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. திருவனந்தபுரத்தில் பாங்கோட்டுப் படைத்தளம் குளச்சல் வெற்றியை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. குளமாக்கப்பட்ட வீடுகளுக்கு ஒரு மரபுத்தொடரே எஞ்சியது.

உதயகிரியில் டி லனாயின் கல்லறைக்கு அருகே மனைவியும் மகன் யோவானும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மகன் 1765இல் களக்காட்டுப் போரில், தந்தையைச் சிறைப்பிடித்த அரசுக்காகப் பொருது, பத்தொன்பது வயதில் மாண்டவர்.