'அந்நியன்' என்னும் நாவல்

1942-ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த பாரிஸ் நகரில், காலிமார் பதிப்பகம் மெல்லிய நாவல் ஒன்றை வெளியிட்டது. பெயர் 'லெத்ராஞ்சே', ஆசிரியர் ஆல்பெர் காம்யு. அவ்வாண்டு முடியுமுன்னரே அவருடைய 'சிசிபஸ் புராணம்' என்ற தத்துவ நூலும் வெளிவந்தது. அதிலிருந்த காஃப்கா பற்றிய பகுதியோ, அவர் யூதர் என்ற காரணத்தால் தணிக்கைக்கு அஞ்சி நீக்கப்பட்டது. அபத்தத்தை ஆராய வந்த நூலுக்கு அன்றைய ஆட்சியாளரே முகவுரை எழுதிவிட்டனர் எனலாம்!

அபத்தம் என்று இங்குக் கூறுவது பிழையை அன்று. வாழ்வுக்குப் பொருள் யாது என மனிதன் வினவுகின்றான். உலகம் வாய் திறவாதிருக்கின்றது. வினாவும் மௌனமும் எதிர்ப்படும் அவ்விடத்தையே காம்யு அபத்தம் என்றார். தருக்கத்தால் விளக்கியது போதாதென்று, அதனைக் கதையாலும் காட்டினார்.

கதாநாயகன் மெர்சோ, அல்ஜியர்ஸ் நகரில் ஓர் அலுவலக எழுத்தர். தாயின் சவ அடக்கத்தில் அவன் அழவில்லை. பின்னர்க் கடற்கரையில், கொளுத்தும் வெயிலில், ஓர் அராபியனைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றத்திலோ, சுட்ட குண்டுகளைவிடச் சிந்தாத கண்ணீரே பெருங்குற்றமாகப் பேசப்படுகின்றது. எல்லாரும் அழும்போது அழுவது நமக்கும் பழகிய வழக்கந்தானே! வாக்கியங்களும் அவனைப் போன்றவையே: குறுகியவை, காரணம் கூறாதவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை.

மொழிபெயர்ப்பாளனுக்குத் தலைப்பே முதல் இடர். அப்பிரெஞ்சுச் சொல் வேற்று நாட்டான், அறிமுகமற்றவன், புறத்தே நிற்பவன் என மூன்றையும் சுட்டும். 1946-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் ஒரு தலைப்புடனும் நியூயார்க்கில் வேறொரு தலைப்புடனும் வெளியாயிற்று. வெ. ஸ்ரீராம் தமிழில் இட்ட 'அந்நியன்' என்ற பெயர் மூன்றையும் ஒருவாறு தாங்குகின்றது. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நேயர்களுக்கு அச்சொல்லை நான் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மெர்சோவின் உள்ளத்தை இத்துணை நுணுக்கமாய் ஆராயும் நாவல், கொலையுண்டவனுக்கு ஒரு பெயரும் இடவில்லை. அல்ஜீரியா 1830 முதல் 1962 வரை பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த நாடு. காம்யு 1913-இல் அம்மண்ணிலேயே பிறந்தவர். பெயரின்மையைத் தத்துவத்தின் தேவை என்று மட்டும் தள்ளிவிட இயலவில்லை.

2013-இல் கமெல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் மறுமொழியாக ஒரு நாவல் எழுதினார். கொலையுண்டவனின் தம்பி ஓரான் நகரில் முதுமையில் அமர்ந்து கதை சொல்கின்றான். அண்ணனின் பெயர் மூசா என்கின்றான். அவர்களுடைய தாய், அந்நாவல் தொடங்கும்போது, உயிருடன் இருக்கின்றாள்.