கடற்கரை முதல் சிறுசேரி வரை: சென்னை நகர ரயிலின் செலவும் பயனும்

நகர ரயில் திட்டங்களைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் கட்டுமானச் செலவு, தினசரிப் பயணிகள் என்ற இரண்டு எண்களுக்குள் முடிந்துவிடுகின்றன. சென்னையின் தொண்ணூறாண்டு அனுபவத்தைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், இவ்விரண்டு எண்களையும் தீர்மானித்தது வேறொரு முடிவு: தண்டவாளம் எந்த நிலத்தின் வழியே போகிறது என்பது. நிலம் மலிவு என்பதற்காகப் பாதையைத் தேர்ந்தபோது பயனும் சுருங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், அதை நடத்திய நிறுவனம் நொடித்துப்போனதால் 1953 ஏப்ரலில் நின்றது. அதற்குள் நகரத்தின் போக்குவரத்துச் சுமை வேறொரு பாதைக்கு மாறத் தொடங்கியிருந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை 1931 ஏப்ரல் 2 அன்று ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தனர். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் தடம் அது. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் ஏற்கெனவே இருந்ததால், நகரத்தைப் பிளந்து புதிதாக வழி திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை.

பயன் பெருகியதற்குக் காலமும் துணைநின்றது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் கடைத்தெரு வளர்ந்தது. பாரிமுனையில் வேலை பார்ப்பவர் தாம்பரத்தில் குடியிருக்க முடிந்தது. இந்தத் தடத்தில் ரயில் ஊரைத் தேடிப் போகவில்லை. ஊரே தண்டவாளத்தின் ஓரமாக வளர்ந்தது. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் சேவை நிறுத்தப்பட்டு அகலப் பாதைக்கு மாறிய பிறகும் அந்தத் தடத்தின் நெரிசல் குறையவில்லை.

உயர்த்திக் கட்டிய தடத்தில் ஓடும் பறக்கும் ரயிலின் கதை இதற்கு நேர்மாறானது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே, தூண்கள் எழுப்பப்பட்டன. தனியார் நிலத்தை அதிகம் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பது இதன் பெரும் கவர்ச்சி. கடற்கரை–சேப்பாக்கம் பகுதி 1995 நவம்பரில் திறக்கப்பட்டது. 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் ரயில் எட்டியது. மயிலாப்பூர்–வேளச்சேரி என்ற அதன் இரண்டாம் கட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்றது.

மிச்சப்பட்டதாகக் கருதிய செலவு வேறு கணக்குகளில் வந்து சேர்ந்தது. கால்வாய் பெரும்பாலும் கடைத்தெருக்களின் பின்புறமாக ஓடுவதால், பல நிலையங்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து விலகி நின்றன. பிரம்மாண்டமாகக் கட்டப்பட்ட நிலையக் கட்டடங்களின் தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. தூண்கள் கால்வாயின் நீரோட்டத்தைக் குறுக்கின. கரையோரம் வாழ்ந்த பல குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டு, நகரத்துக்கு வெளியே ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டன. எந்தத் திட்ட அறிக்கையின் செலவுப் பட்டியலிலும் முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய இழப்பு அது. நகரத்தின் நடுவே வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வந்தவர்கள், ரயிலுக்கு இடம் கொடுத்துவிட்டு ரயிலே இல்லாத இடத்துக்குப் போனார்கள்.

மெட்ரோ இந்தப் பிழையிலிருந்து பாடம் கற்றது என்றே சொல்ல வேண்டும். 45 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டம், அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்ற உயிர்த்தடங்களைப் பின்பற்றியது. அதற்கான விலை பெரிது. பாதி தூரத்துக்கு மேல் சுரங்கம். பாறையும் களிமண்ணும் மாறிமாறி வந்த மண். ஒப்பந்ததாரர் விலகியதால் அண்ணா சாலையில் ஏற்பட்ட தாமதம். தொடக்க மதிப்பீடே 14,600 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் ஜப்பானியக் கடன். 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் பகுதி திறக்கப்பட்டு, முதல் கட்டம் 2019 பிப்ரவரியில் முழுமை பெற்றது. வடக்கே விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021இல் சேர, நீளம் 54 கிலோமீட்டர் ஆனது.

2024ஆம் ஆண்டில் இதில் 10.5 கோடிப் பயணங்கள் நிகழ்ந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.9 லட்சம். மாநகரப் பேருந்துகள் அன்றாடம் சுமப்பதோ 30 லட்சத்துக்கும் மேல். இவ்வேறுபாட்டை வைத்து மெட்ரோவை வீண் என்பது அவசர முடிவு. சுரங்கமும் நிலையமும் பல தலைமுறைக்கு உழைக்கும். பத்தாண்டு வரவை வைத்து அவற்றை எடைபோட முடியாது. ஆனால் பயன் யாரைச் சேர்கிறது என்ற கேள்வி நியாயமானது. புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10, அதிகபட்சம் 50. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. மாதச் சம்பளத்தில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடும் பெண், நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மெட்ரோவுக்கு மாறிவிட மாட்டார்.

இப்போது கட்டப்படும் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 530 கோடிக்கும் மேல். இவ்வளவு கடன் வாங்கிக் கட்டும் தடத்தின் வெற்றியைத் திறப்பு விழாத் தேதியால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்தையும் சிற்றுந்து சென்றடைகிறதா, நடைபாதை உண்டா, பேருந்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஏழைக்குக் கட்டுப்படியாகும் ஒரே கட்டணம் உண்டா என்பவையே அளவுகோல்கள். மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியே ஒக்கியம் துரைப்பாக்கத்தைக் கடந்துதான் போகப்போகிறது. கண்ணகி நகரின் தெருக்களிலிருந்து அங்குள்ள நிலையத்துக்கு இணைப்புச் சிற்றுந்தும், அம்மக்களுக்குச் சலுகைக் கட்டணமும் முதல் ரயில் ஓடும் நாளிலேயே தொடங்கப்பட வேண்டும்.