எலுமிச்சஞ் சாறும் எமது துறைமுகமும்

திருக்கோணமலைத் துறைமுகத்துக்காகப் பொருதோரை வரலாற்று நூல்கள் பீரங்கிகளின் தொகையால் அளவிடுகின்றன. மாலுமிகளின் பல்லீறுகளை அவை பெரும்பாலும் நோக்குவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பல்களிற் பீரங்கியினும் மிகுதியான உயிர்களைக் கொண்டது ஸ்கேவி என்னும் நோயே. காய்கனியின்றி உப்பிறைச்சியும் உலர்ந்த பிஸ்கோத்தும் உண்டு மாதங்கள் கழிய, ஈறு வீங்கிக் குருதி கசியும்; ஆறிய புண்ணும் மீண்டும் வாய்திறக்கும். 1782 சனவரியில் எமது கோட்டைகளை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ், ஓகத்து முடிவில் அவற்றைப் பிரெஞ்சுத் தளபதி சவ்றனிடம் இழந்தார். மறு ஆண்டு கடலூர்ப் போரின்பின் அவர் சென்னைக்குத் திரும்ப நேர்ந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு இந்நோயும் காரணமாயிற்று.

மருந்து அறியப்படாதிருந்ததோ எனின், இல்லை. ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747இலேயே பன்னிரு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் கடற்படை மேலிடம் நாற்பதாண்டுக்கு மேலாக வாளாவிருந்தது! 1794இல் றெயினியரின் 'சபக்' கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு இருபத்துமூன்று வாரம் கரைதொடாது வந்தது. நாடோறும் எலுமிச்சஞ் சாறு சருக்கரையுடன் மதுவிற் கலந்து வழங்கப்பட்டது. சிலரிடம் நோய்க்குறி தோன்றியபோது அளவைக் கூட்ட, அது நீங்கிற்று. அதே றெயினியர் அதே கப்பலில் 1795 ஓகத்தில் எமது துறைமுகத்துக்கு வந்தார். அம்மாதம் 26ஆம் நாள் கோட்டை பணிந்தது. சாறே கோட்டையைப் பிடித்தது என யாம் கூறவில்லை. முற்றுகையிட வந்தோர் நிற்கவல்லவராய் வந்தனர் என்பதே எமது கருத்து.

நிற்க. இதனை எழுதத் தூண்டியவை எம் மாணவரின் சட்டைப்பைகளே. போட்டிக்காலம் வந்ததும் அவற்றில் விற்றமின் சீக் குளிசைகள் நிறைகின்றன, தடிமன் அணுகாதாம். இந்நம்பிக்கை முழுப் பொய்யன்று. நெட்டோட்ட வீரர், பனிச்சறுக்கு வீரர், கடுங்குளிரிற் பயின்ற படையினர் ஆகிய 598 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளில் தடிமன் ஏறக்குறையப் பாதியாயிற்று. பொதுமக்களிடம் அப்பயன் காணப்படவில்லை. இளம் நீச்சல் வீரர் 39 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்விலோ, நாளொன்றுக்கு ஒரு கிராம் உண்டும் நோய் வரும் தொகை குறையவில்லை; ஆண்பிள்ளைகளிடம் நோய் நீடித்த நாள்களே குறைந்தன. பேரளவு விற்றமின், பயிற்சியால் தசைக்கலங்களில் விளையும் நன்மாற்றங்கள் சிலவற்றைத் தடுக்கக்கூடும் என 2008இல் இசுப்பானிய ஆய்வாளர் எழுதினர். சபக் கப்பலின் மாலுமிகள் இல்லாத ஒன்றைப் பெற்றனர். எம் பிள்ளைகளோ உள்ளதன்மேல் அடுக்குகின்றனர்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன், மீன்பிடிக்கும் தந்தையின் ஒருநாள் உழைப்பை ஒரு குளிசைப் போத்தலுக்குக் கொடுத்திருந்தான். அவன் வீட்டு வேலியோரத்தில் கொய்யா மரம் காய்த்து நிற்கிறது. எடைக்கு எடை, தோடம்பழத்தினும் மும்மடங்குக்கு மேலான விற்றமின் சீ அதன் பழத்தில் உண்டு.