கடலை நோக்கி நிற்கும் அவலோகிதர்: டா நாங் மலைக்குகைகளும் பொதலகம் என்னும் பெயரும்

முன்னுரை

தென்கிழக்காசிய நாடுகளுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் தமிழாசிரியர்களும் இந்தியவியல் மாணவர்களும் பெரும்பாலும் ஒரு வினாவுடனேயே புறப்படுகின்றனர். இங்கே நம்மவர் தடம் உள்ளதா என்பதே அவ்வினா. வினா இயல்பானதே. ஆயினும் விடை எளிதாகக் கிடைத்துவிடும் இடங்களில் வரலாறு தவறாகப் படிக்கப்படுகின்றது. விடை மறைந்து கிடக்கும் இடங்களில் அது படிக்கப்படாமலே போகின்றது. வியட்நாமின் நடுக் கடற்கரையில் உள்ள டா நாங் நகரம் இவ்விரண்டிற்கும் எடுத்துக்காட்டாகும்.

அந்நகரில் பௌத்தத் தலங்களையும் மலைகளையும் குகைகளையும் அரை நாளில் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலா பெயர் பெற்றது. அவ்வழியில் காணப்பெறும் சின்னங்களை அவலோகிதேசுவர வழிபாட்டின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதும், தமிழகத்தோடு அவற்றிற்குள்ள தொடர்பு எத்தகையது என்பதை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அரைநாள் சுற்றுலாவின் வழி

சுற்றுலா வழக்கமாகச் சோன் ட்ரா தீபகற்பத்தில் தொடங்குகின்றது. அங்குள்ள லின் உங் கோயிலின் முன்றிலில் 67 மீட்டர் உயரமுள்ள வெண்ணிறப் பெண்ணுருவச் சிலை கடலை நோக்கி நிற்கின்றது. 2004இல் தொடங்கிய பணி 2010இல் நிறைவுற்றது. வழிகாட்டிகள் இதனைப் ‘பெண் புத்தர்’ என்பர். உண்மையில் இது புத்தரின் உருவமன்று. வியட்நாமியர் குவான் ஆம் என்றும் சீனர் குவான் யின் என்றும் வழங்கும் போதிசத்துவரின் உருவமே இது. வடமொழியில் அவரே அவலோகிதேசுவரர். இந்தியச் சிற்பங்களில் ஆணாக விளங்கிய அவர், சீனத்தில் சோங் அரசர் காலத்தை ஒட்டிப் படிப்படியாகப் பெண்ணுருப் பெற்றார்.

அடுத்து, நகருக்குத் தெற்கே உள்ள ஙூ ஹான் சோன் எனப்படும் சலவைக்கல் மலைகள். பொன், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் சீன மரபின் ஐம்பொருள்களின் பெயரால் இவை வழங்குகின்றன. இப்பெயர்களைச் சூட்டியவர் 1820 முதல் 1841 வரை ஆண்ட நுயென் மரபுப் பேரரசர் மின் மாங். நெருப்பு மலைக்கு இரு சிகரங்கள் இருப்பதால் எண்ணிக்கையில் குன்றுகள் ஆறாகும். இவற்றுள் பயணிகள் ஏறுவது துய் சோன் எனப்படும் நீர் மலை. அதன் படிகளில் ஏறினால் தாம் தாய் கோயிலையும், அதற்கு அப்பால் ஹூயென் கொங், ஹுவா ஙியெம் முதலிய குகைகளையும் காணலாம். ஹூயென் கொங் குகையின் கூரைத் துளைகள் வழியே இறங்கும் ஒளி பயணிகளைப் பெரிதும் கவர்வது. மலையடிவாரத்தில் ஆம் ஃபூ என்னும் நரகக் குகை உள்ளது. இறந்தோரை விசாரிக்கும் பத்து நீதி மன்னர்களின் உருவங்கள் அங்கே உள்ளன. அவர்களைச் சுட்டும் வியட்நாமியச் சொல்லில் நம் இயமனின் பெயர் ஒலி மாறி நிற்பதை வகுப்பறையில் சுட்டிக்காட்டலாம். இறுதியில் நோன் நுவொக் சிற்ப ஊரின் கடைகளோடு சுற்றுலா முடிவுறுகின்றது. அம்மலைகளில் கல்லெடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளதால், அங்குச் செதுக்கப்படும் கல் இப்பொழுது வெளியிடங்களிலிருந்து வருவதாகும்.

குகைச் சுவரின் 1640ஆம் ஆண்டு எழுத்து

இவ்வழியில் பயணிகள் விரைந்து கடந்துவிடும் சான்று ஒன்று ஹுவா ஙியெம் குகையில் உள்ளது. குகைப் பாறையில் செதுக்கப்பட்ட சீன எழுத்துப் பொறிப்பு அது. அதன் காலம் 1640. இம்மலைகளில் 17ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரை சீன எழுத்திலும் வியட்நாமிய நோம் எழுத்திலும் பொறிக்கப்பட்ட 78 பாறை எழுத்துகள், 2022 நவம்பரில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றன. அத்தொகுதியில் வரலாற்று ஆய்வாளர் மிகுதியாகப் பயன்படுத்தியவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

இப்பொறிப்பு ஆலயப் பணிக்குக் கொடையளித்தோரின் பெயர்களைப் பட்டியலிடுகின்றது. வியட்நாமியரோடு ஹொய் ஆன் துறைமுகத்தில் வாழ்ந்த சப்பானியரும் சீனரும் அதில் இடம்பெற்றுள்ளனர். சப்பானியர் கடல் கடந்து செல்வதையும், சென்றவர் நாடு திரும்புவதையும் அந்நாட்டு ஆட்சி 1635இல் தடைசெய்தது. ஆகவே 1640இல் ஹொய் ஆனில் இருந்த சப்பானியர் பிறந்த மண்ணுக்குத் திரும்ப இயலாதவர்கள். தாம் குடியேறிய கரையின் மலைக்குகைக்கு அவர்கள் கொடையளித்ததை இப்பின்னணியில் நோக்கவேண்டும்.

எந்தத் தெய்வத்தின் மலைக்கு அவர்கள் கொடுத்தனர் என்பதையும் பொறிப்பின் தலைப்பே கூறுகின்றது. அதில் இம்மலை ஃபோ டா சோன் எனப்படுகின்றது. சீனத்தில் இது பூத்துவோ மலை, வடமொழியில் பொதலகம். அவலோகிதர் உறையும் மலையின் பெயர் இது. சத்தர்ம புண்டரீக சூத்திரத்தில் அவலோகிதருக்கென அமைந்த அத்தியாயம், அவர் பெயரை நினைப்போர் நீங்கப்பெறும் இடர்களுள் கடலில் மரக்கலம் திசைமாறி அரக்கர் தீவில் ஒதுங்குவதையும் குறிப்பிடுகின்றது. கடலோடும் வணிகர்கள் இப்போதிசத்துவரைப் பற்றிக்கொண்டதன் காரணம் இதனால் விளங்கும். கடலில் கலம் கவிழ்ந்தோரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தைக் காப்பியத்தில் அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

ஒரு பெயரின் பயணம்

பொதலகம் தென்திசையில் உள்ளதாகக் கண்டவியூக சூத்திரம் கூறும். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த யுவான் சுவாங், தென்கோடியில் இருந்த மலையகூட நாட்டின் மலைகளை ஒட்டிப் பொதலக மலை இருப்பதாகத் தாம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். இக்குறிப்புகளைக் கொண்டு, பொதலகம் என்பது தமிழ் இலக்கியம் போற்றும் பொதியில் மலையே என்று வாதிட்டவருள் ஷூ ஹிகோசாகா குறிப்பிடத்தக்கவர். தமிழகப் பௌத்தம் பற்றிய அவருடைய நூல் 1989இல் சென்னையில் வெளிவந்தது. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் வீரசோழிய மரபு, 11ஆம் நூற்றாண்டிலும் அவ்விருவரையும் தமிழ்ப் பௌத்தர் ஒருங்கே எண்ணியதைக் காட்டுகின்றது. இச்சான்றுகள் பொதியிலையும் பொதலகத்தையும் ஒன்றென முடிவுகட்டப் போதியன அல்ல என்போரும் உளர். ஆயினும் பொதலகத்தைப் பௌத்த நூல்கள் தென்னிந்தியாவிலேயே வைத்தன என்பதில் ஐயமில்லை.

அப்பெயர் ஓரிடத்தில் தங்கவில்லை. சீனத்தின் செச்சியாங் கடற்கரைக்கு அப்பால் உள்ள தீவொன்று பூத்துவோ எனப் பெயர்பெற்று அவலோகிதரின் தலமாயிற்று. சப்பானியத் துறவி ஒருவர் கொண்டுசென்ற சிலை, கலம் மேலே செல்ல மறுத்ததால் அங்கேயே தங்கியது என்பது அத்தலத்தின் தோற்றக் கதை. திபெத்தில் 1645இல் ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கிய அரண்மனைக்குப் பொதாலா என்று பெயர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே டா நாங் குகையில் அதே பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

ஆகவே டா நாங் மலையின் பழம்பெயர் ஒன்றிற்கும் தென்னிந்தியாவிற்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் அது நேர்த்தொடர்பன்று. அப்பெயரைத் தமிழ் வணிகர் மரக்கலத்தில் ஏற்றிச் சென்று அங்கே இறக்கவில்லை. வடமொழிச் சூத்திரத்தில் புகுந்து, சீன மொழிபெயர்ப்பில் ஒலி மாறி, சீனத் தீவொன்றில் வேரூன்றி, அதன்பின் வியட்நாமியத் துறவிகளின் எழுத்து வழியே அது மத்திய வியட்நாமுக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்டோரை நீக்கிவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் இணைத்துக் கூறினால் அது வரலாறாகாது.

முந்திய லோகேசுவரர்

சீன வழியாக வந்த குவான் ஆமுக்கு முன்னரே, அக்கரையில் அவலோகிதர் வேறொரு பெயரில் வழிபடப்பட்டார். டா நாங்கிற்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது டோங் யுவாங். குவாங் நாம் மாநிலத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2025 சூலையில் அம்மாநிலம் இணைக்கப்பட்டதிலிருந்து டா நாங் மாநகரின் எல்லைக்குள் வருகின்றது. சம்பா அரசன் இரண்டாம் இந்திரவர்மன் 875இல் அங்கே மகாயான விகாரை ஒன்றை நிறுவி, தன் இயற்பெயரோடு இணைத்து இலட்சுமீந்திர லோகேசுவரர் எனப் போதிசத்துவருக்குப் பெயரிட்டான். அதே கல்வெட்டு சம்புபத்திரேசுவரராகிய சிவபெருமானையும் போற்றுகின்றது. நான் பியூ கல்வெட்டு இதனினும் தெளிவானது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாவகத்திற்கு இருமுறை கடற்பயணம் மேற்கொண்ட சம்பா அதிகாரி ஒருவனைப் பற்றி அது பேசுகின்றது. அக்குடும்பத்தார் சிவன் கோயில் ஒன்றையும் லோகேசுவரருக்கு விகாரை ஒன்றையும் எழுப்பினர். சைவமும் பௌத்தமும் அங்கே எதிர்நிலைகளாக இல்லை.

டோங் யுவாங் விகாரையை 1902இல் அகழ்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பர்மாந்தியே. அங்கு 1911இல் கிடைத்த வெண்கலப் புத்தர் சிலை தென்னிந்திய, இலங்கை மரபுகளோடு ஒப்பிடப்பட்டுள்ளது. 1978இல் ஊரார் கண்டெடுத்த ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள வெண்கலப் பெண்ணுருவம் பலரால் தாரை எனக் கொள்ளப்படுகின்றது. அது இப்பொழுது டா நாங் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ளது. விகாரையோ 20ஆம் நூற்றாண்டுப் போர்களில் சிதைந்து, இன்று நிற்பது ஒரு வாயிற்கோபுரத்தின் எஞ்சிய பகுதியே. அதனால் அரைநாள் சுற்றுலாவில் டோங் யுவாங்கிற்கு இடமில்லை.

மலையின் உரிமை

சலவைக்கல் மலைகளிலும் சாம் காலச் சிற்பங்கள் காணப்பட்டுள்ளன. வியட்நாமிய அரசு 15ஆம் நூற்றாண்டில் தெற்கு நோக்கிப் பரவி, 1471இல் சம்பாவின் தலைநகரான விசயத்தைக் கைப்பற்றியது. புதிதாகக் குடியேறியோர் பழைய தலங்களை அழித்து ஒதுக்கியதோடு நில்லாமல் பலவற்றைத் தமதாக்கியும் கொண்டனர். நா திராங்கில் சாம் மக்கள் வழிபட்ட போ நகர் அன்னை, தியென் இ ஆ நா என்னும் வியட்நாமியத் தெய்வமானாள். 19ஆம் நூற்றாண்டில் மின் மாங் தாம் தாய் கோயிலைப் புதுப்பித்து, மலைகளுக்கு ஐம்பொருள்களின் பெயர் சூட்டியபோது அவற்றைத் தம் பேரரசின் நில ஒழுங்கிற்குள் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் மலைக்கு அருகே அமெரிக்க விமானத்தளம் இயங்க, அதே மலையின் குகையை எதிர்ப்படையினர் மறைவிடமாகவும் மருத்துவ நிலையமாகவும் பயன்படுத்தினர். ஒவ்வொரு காலத்தவரும் மலையைத் தம் மொழியில் பெயரிட்டனர்.

இவ்வரிசையில் இந்தியவியலாரின் பங்கையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1926இல் கல்கத்தாவில் பேரிந்தியச் சங்கம் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டு ஆர். சி. மசும்தார் வெளியிட்ட சம்பா பற்றிய நூல், தூரக் கிழக்கின் பண்டைய இந்தியக் குடியேற்றங்கள் என்னும் வரிசையில் வந்தது. அடிமைப்பட்ட நாட்டினரின் தன்மான உணர்வு அப்பார்வைக்குக் காரணம் என்பதை மறுக்கலாகாது. தமிழிலும் இதற்கு இணை உண்டு. நா திராங்கிற்கு அருகில் கிடைத்த வோ கான் வடமொழிக் கல்வெட்டில் சிறீமாரன் என்னும் அரசனின் குலம் சுட்டப்படுகின்றது. அப்பெயரைத் திருமாறன் எனக் கொண்டு பாண்டியரோடு இணைக்கும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா ஒரு கருதுகோளாக முன்வைத்தார். நம் பொதுமேடைகளில் அது கருதுகோள் என்ற நிலையைக் கடந்து, முடிந்த உண்மையாகவே பேசப்படுகின்றது.

சாம் மொழி மலாய் மொழியோடு உறவுடைய ஆஸ்திரோனீசிய மொழி. அம்மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய கல்வெட்டெனக் கொள்ளப்படும் டோங் யென் சாவ் பொறிப்பு, குவாங் நாம் பகுதியில் கிடைத்த பழஞ்சாம் எழுத்தாகும். வடமொழியில் கடவுளரைப் போற்றிய அம்மக்கள் தம் தாய்மொழியையும் கல்லில் பொறித்தனர் என்பதற்கு அது சான்று. எழுத்தையும் சமயத்தையும் அவர்கள் தம் தேவைக்கேற்பத் தேர்ந்து ஏற்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வியட்நாமின் தென்பகுதியிலும் கம்போடியாவிலும் வாழ்கின்றனர். சுற்றுலா உரையில் அவர்கள் இடம்பெறாதிருப்பது ஒரு மறைப்பு. ‘இந்தியக் குடியேற்றம்’ என்று நாம் கூறும்போது நிகழ்வதும் அதே மறைப்பே.

முடிவுரை

டா நாங் கடற்கரைப் பகுதியில் அவலோகிதர் மூன்று காலங்களில் மூன்று பெயர்களில் நிலைநிறுத்தப்பட்டுள்ளார்: 875இல் சம்பா அரசனின் லோகேசுவரர், 1640இல் துறைமுக மக்களின் பொதலக மலைத் தலைவர், 2010இல் கடலைக் காக்கும் வெண்ணிறக் குவான் ஆம். முதலாவதற்கும் மற்றவற்றிற்கும் இடையே நேரடித் தொடர்ச்சி இருந்ததென்று கூறச் சான்றில்லை. கடலை நம்பி வாழ்ந்த மக்கள் தத்தம் காலத்தில் ஒரே போதிசத்துவரை வெவ்வேறு வழிகளில் அடைந்தனர் என்பதே சான்றுகள் தாங்கும் முடிபாகும்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இச்சுற்றுலாவைத் தவிர்க்கவேண்டியதில்லை. மதியத்திற்குப் பின் எஞ்சும் அரை நாளைச் சாம் சிற்ப அருங்காட்சியகத்திற்கு ஒதுக்கலாம். ஹுவா ஙியெம் குகையில் சற்று நின்று, அங்குள்ள பொறிப்பில் பொதலகத்தின் பெயர் எங்கே உள்ளதென்று வழிகாட்டியைக் கேட்கலாம். தமிழகத்திற்கும் அம்மலைக்கும் உள்ள தொடர்பைக் கூறும்போது, இடையில் நின்ற வடமொழி நூலாரையும் சீன மொழிபெயர்ப்பாளரையும் சப்பானிய வணிகரையும் வியட்நாமியத் துறவியரையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறினால் தமிழரின் பங்கு சிறிதாகத் தோன்றலாம். அத்துணைச் சிறிய பங்கே சான்றோடு நிற்பது.