இந்தியாவின் வணிக விண்வெளித் துறையில் அரசின் பங்கு

இந்தியாவில் விண்வெளித் தொழிலை உருவாக்கியதே அரசுதான். 1969-இல் தொடங்கப்பட்ட இஸ்ரோ ஏவூர்தியையும் செயற்கைக்கோளையும் தானே வடிவமைத்து, தானே ஏவியது. தனியார் நிறுவனங்கள் நெடுங்காலம் அது கொடுத்த வரைபடத்தின்படி உதிரிபாகங்கள் செய்து தந்தன. 1992-இல் அமைந்த ஆண்ட்ரிக்ஸ் நிறுவனம் இஸ்ரோவின் சேவைகளை வெளிநாடுகளுக்கு விற்றது. 1999 மே 26 அன்று பி.எஸ்.எல்.வி.-சி2 ஒரு கொரிய, ஒரு ஜெர்மானியச் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அப்போதும் விற்பனையாளர் அரசே.

இந்த நிலை 2020 ஜூனில் மாறத் தொடங்கியது. தனியாருக்கு அனுமதி வழங்கவும், இஸ்ரோவின் ஆய்வுக்கூடங்களையும் ஏவுதளங்களையும் அவர்களுக்குத் திறந்துவிடவும் இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை ஒன்றிய அமைச்சரவை உருவாக்கியது. போட்டியாளராகவும் நடுவராகவும் ஒரே அமைப்பு இருக்கலாகாது என்பதே இதன் அடிப்படை. 2019-இல் தொடங்கப்பட்ட நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்திடம் வணிகப் பொறுப்பு வந்தது. 2023-இன் இந்திய விண்வெளிக் கொள்கை இந்தப் பிரிவினையை எழுத்தில் வைத்தது. 2024-இல் அந்நிய முதலீட்டு வரம்புகளும் தளர்ந்தன: அரசின் முன் அனுமதியின்றி செயற்கைக்கோள் தயாரிப்பில் 74 விழுக்காடு, ஏவூர்தியில் 49 விழுக்காடு.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் விக்ரம்-எஸ் ஏவூர்தியைச் செலுத்தியது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் முளைத்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30 அன்று தன் சோதனை ஏவூர்தியைப் பறக்கவிட்டது. இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டா வளாகத்துக்குள் அந்நிறுவனமே அமைத்த ஏவுதளத்திலிருந்து அது புறப்பட்டது. நிலமும் பாதுகாப்பும் அரசு தராமல் இது நடந்திருக்காது.

ஏவுதள அமைவிடத்திலும் அரசின் முடிவே தொழிலின் செலவைத் தீர்மானிக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்க்க வளைந்து பறக்க வேண்டும். அதில் எரிபொருள் வீணாகிறது, சிறிய ஏவூர்திகளின் சுமைதிறன் குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கி ஏவலாம். அங்கு ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

அரசு முற்றிலும் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. 1967-இன் விண்வெளி ஒப்பந்தப்படி தனியார் செயல்பாடுகளுக்கும் அந்தந்த நாடே பொறுப்பு. 1972-இன் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு இழப்பீடு தரவேண்டியதும் நாடுதான். அந்தச் சுமையில் தனியாரின் பங்கு எவ்வளவு, காப்பீடு யார் எடுப்பது என்பவற்றைச் சட்டம்தான் உறுதியாக வரையறுக்க முடியும். 2023-இன் ஆவணமோ அமைச்சரவை ஏற்ற கொள்கை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. இப்படிச் சட்ட அடிப்படை இல்லாததே இன்-ஸ்பேஸின் பெரிய குறை.