வியாழனின் நிலவுகளிலிருந்து புல்லட்டின் வட்டத்திரை வரை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லும் அன்பர்கள் கூடுமிடத்தில் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு: வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிகளுள் எதை வாங்குவது, இருப்பதை எப்போது மாற்றுவது? விலையும் திரையின் அளவும் பேசப்பட்டு உரையாடல் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆயின் இக்கேள்விக்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. அக்கதையின் முக்கியமான சில ஏடுகள் நம் சென்னையிலேயே எழுதப்பட்டன என்பதும், அதன் கடினமான பாடம் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் சாலையில் கிடைக்கிறது என்பதும் பலர் அறியாதவை. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நுங்கம்பாக்கத்துக் கற்றூண்

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குச் சோழமண்டலக் கரை அச்சந்தரும் கரையாக இருந்தது. வடக்கு தெற்காக எங்கிருக்கிறோம் என்பதைச் சூரியனின் உச்சியுயரம் சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எங்கிருக்கிறோம் என்பதைச் சொல்வதற்கோ துல்லியமான நேரம் வேண்டும். இத்தேவையின் பொருட்டே வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்திருந்த வானாய்வகம் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அங்கு தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூணில் இலத்தீனும் தமிழும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன.

அவ்வாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இரவுதோறும் நோக்கியவற்றுள் முதன்மையானவை வியாழனின் துணைக்கோள்கள். அந்நிலவுகள் வியாழனின் நிழலுக்குள் மறையும் கணம் கிரீன்விச் நேரப்படி எப்போது என்பதை அட்டவணைகள் கூறும். சென்னையின் உள்ளூர் நேரப்படி அது எப்போது என்பதைக் கண் கூறும். இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குப் பதினைந்து பாகை வீதம் தீர்க்கரேகையாகிவிடும். சென்னை கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகை 15 கலை என்பதும், நம் நேரம் அவர்கள் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது என்பதும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்.

1802இல் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். இமயம் வரை விரிந்த அவ்வளவை, தன் தீர்க்கரேகைகளுக்கு நுங்கம்பாக்கத்தையே தொடக்கமாகக் கொண்டது. அத்தொடக்கத்திலேயே ஒரு பிழை ஒளிந்திருந்தது. தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிடும் முறை வந்த பிறகு, பழைய மதிப்பிலிருந்து 2 கலை 27 விகலை கழிக்கப்பட வேண்டும் என்பது தெளிவாயிற்று. நேரக் கணக்கில் அது பத்து நொடிக்கும் சற்றுக் குறைவு. சென்னையின் அகலக்கோட்டில் தரைமீது அளந்தால் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். அக்கணக்கை அப்படியே நம்பியிருந்தால் இராயபுரம் முழுவதும் வங்கக் கடலுக்குள் போயிருக்கும்!

எனினும் அந்த வரைபடத்தைக் கொண்டு ஊர்வழி சென்ற எவரும் கடலில் விழவில்லை. எல்லா ஊர்களும் ஒரே அளவு கிழக்கே தள்ளியிருந்தமையால், ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட உறவு குலையவில்லை. பூமியின்மேல் நாம் நிற்கும் புள்ளி ஒன்று. ஊருக்குப் போகும் வழி மற்றொன்று. முன்னதில் பிழைபட்டும் பின்னதில் சரியாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. முதலில் இறக்குமதியான பாகங்கள் கோக்கப்பட்டன. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரில் புல்லட்டின் ஓசை நிற்கவில்லை.

அவ்வண்டியின் முகப்பு விளக்குக் கூட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வேகமானி ஒன்று, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் ஒன்று. வழி காட்டும் கருவி எதுவும் இல்லை. ஓட்டுநர் கிலோமீட்டர் கற்களைப் படித்தார், தேநீர்க் கடையில் நிறுத்திக் கேட்டார், மறுமுறை வரும்போது நினைவிலிருந்து ஓட்டினார். விரிவான நிலப்படம் வாங்குவோம் என்றாலும் எளிதன்று. எல்லைகளையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளின் படங்கள் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளே இந்திய நிறுவனங்களுக்கு நிலப்படத் தொழிலை உண்மையில் திறந்துவிட்டன.

செயற்கை நிலவுகள்

அமெரிக்கப் படைத்துறையின் முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983இல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டபின், இவ்வசதி பொதுமக்களுக்கும் கிட்டும் என்று அந்நாடு அறிவித்தது. ஆனால் குடிமக்களுக்கான சமிக்ஞை வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டிருந்தமையால், நூறு மீட்டர் வரை பிழை இருந்தது. கல்மண்டபத்தில் நூறு மீட்டர் என்பது இரண்டு மூன்று தெருக்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அம்மங்கல் நீக்கப்பட்ட பிறகே தெருவில் வழிகாட்டும் கருவி என்பது பொருளுடையதாயிற்று.

தத்துவமோ கோல்டிங்காம் கையாண்டதற்குத் தூரத்து உறவு. அவர் வியாழனின் நிலவுகளைக் கடிகாரமாகக் கொண்டார். இன்றைய கருவி, அணுக்கடிகாரம் சுமந்த செயற்கை நிலவுகள் அனுப்பும் நேரத்தைக் கேட்கிறது. அவருக்கு ஒரு நொடி பிழைத்தால் சுமார் 450 மீட்டர் தவறும். ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞையை அளக்கும் கருவிக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே 300 மீட்டர் தவறிவிடும்.

காசிமேட்டு மீனவர்கள் இவ்வசதியைத் தமக்கே உரிய முறையில் ஏற்றுக்கொண்டார்கள். கரையிலுள்ள கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரு கோட்டில் நிறுத்தி மீன்பாடு உள்ள இடத்தைக் குறித்த மரபினர் அவர்கள். கருவி வந்தபோது அதே இடங்களை எண்களாகப் பதிந்துகொண்டார்கள். கடலில் தெருவில்லை, ஆகவே புள்ளி தெரிந்தால் பெரும்பாலும் போதும். தரையில் அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

மோட்டார் சைக்கிளுக்கெனவே உருவான கருவிகள் 2005-06இல் வந்தன. டாம்டாம் ரைடர், கார்மின் ஜூமோ ஆகியவை கையுறையுடன் தொடக்கூடிய திரையும், மழை தாங்கும் கூடும், தலைக்கவசத்திற்குள் குரல் அனுப்பும் வசதியும் கொண்டிருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் செல்பேசி அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. கூகிள் வரைபடம் இரு சக்கர வண்டிக்கான தனி வழியை 2017 டிசம்பரில் உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில்தான் அறிமுகம் செய்தது.

என்ஃபீல்டின் கதையும் இவ்விடத்தில் வந்து சேருகிறது. 2016இன் ஹிமாலயன் வண்டியில் மின்னணுத் திசைகாட்டி இடம்பெற்றது. 2020 நவம்பரில் மீட்டியார் வண்டியுடன் 'டிரிப்பர்' என்னும் சிறு வட்டத்திரை வந்தது; செல்பேசியோடு இணைந்து, திரும்ப வேண்டிய திசையை அம்புக்குறியால் மட்டும் காட்டியது. 2023இன் புதிய ஹிமாலயனில் வரைபடம் முழுவதும் வட்டத்திரைக்கு வந்துவிட்டது. அம்மீட்டர் மட்டுமே துணையிருந்த வண்டியின் வழித்தோன்றலுக்கு இது சிறிய மாற்றமன்று.

காலடிப்பேட்டையும் டோல்கேட்டும்

கருவி புள்ளியைச் சொல்லிவிட்டது. இனி பெயர் வேண்டும். வட சென்னையின் பெயர்கள் தனி வரலாறு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் காலெட்பேட்டை. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டை ஆயிற்று. சுங்கம் வாங்கிய வாயில் மறைந்தும் டோல்கேட் நிற்கிறது. தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகரில் வாழ்கிறது. 2021-22இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையங்கள் இப்பெயர்களையே சூட்டிக்கொண்டன. "டோல்கேட்டுக்கு முன்னால் திரும்புங்கள்" என்று ஊரார் சொல்வது, கண்ணுக்குத் தெரியாத வாயிலை வைத்துத்தான்.

வரைபடத்தில் உள்ளது எல்லாம் நிலத்தில் இருப்பதில்லை. நிலத்தில் உள்ளது எல்லாம் வரைபடத்தில் ஏறுவதுமில்லை. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் விரிந்து கிடக்கும் எண்ணூர்க் கழிமுகம், பின்னாளைய மற்றொரு வரைபடத்தில் காணாமற்போயிற்று என்று சூழலியல் ஆர்வலர்கள் 2017இல் எழுப்பிய குரலை வாசகர்கள் நினைவுகூரலாம். ஒவ்வொரு வரைபடமும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக எழுதியது.

எண்ணூர் நெடுஞ்சாலையின் வினா

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் இராயபுரத்துக்கருகே உள்ளது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அடுத்து காட்டுப்பள்ளியும் வந்தன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இவை அனைத்திற்குமான கண்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் ஓடும் சாலைகளிலேயே திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் மக்களின் இரு சக்கர வண்டிகளும் ஓடுகின்றன. ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், மறுபுறம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள். துறைமுக வாயிலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நீண்ட லாரி வரிசைகள் இப்பகுதி மக்களுக்குப் புதியவை அல்ல.

இங்கேதான் கருவியின் எல்லை புலப்படுகிறது. திரையில் சாலை பச்சையாகவோ சிவப்பாகவோ தோன்றுவது, அச்சாலையில் செல்லும் செல்பேசிகளின் வேகத்தைக் கணக்கிட்டு. வண்டிகள் மெல்லச் செல்கின்றனவா விரைந்து செல்கின்றனவா என்பதை அது கூறும். அவை எவ்வகை வண்டிகள் என்பதைக் கூறாது. நள்ளிரவில் டிரெய்லர்கள் தடையின்றிப் பறக்கும் சாலை, திரையில் அழகிய பச்சை. வேலை முடிந்து வீடு திரும்பும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதைவிட ஆபத்தான நிறம் வேறில்லை. டிரெய்லர் திரும்பும்போது அதன் இடப்பக்கத்தில் இருப்பவரை ஓட்டுநர் காணமாட்டார் என்பது இவ்வட்டாரத்தில் சிறுவரும் அறிந்தது. எந்த வழிகாட்டியும் அதை ஓர் அம்புக்குறியாகக் காட்டுவதில்லை.

மழைக்காலமும் அவ்வாறே. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவதை ஊர் அறியும். வானத்துச் செயற்கைக்கோள் அறியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சூழ்ந்தபோது, சாலைகளின் தீர்க்கரேகை ஒரு விகலையும் மாறவில்லை. மாறியது அவற்றில் செல்ல முடியுமா என்பது மட்டும்.

எதை நோக்கித் தேர்வது?

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு வாங்குவோர் கேட்க வேண்டியவை சிலவே.

முதலாவது, புள்ளியின் துல்லியம். பல நாட்டுச் செயற்கைக்கோள் தொகுதிகளையும், இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கருவி உயர்ந்த கட்டடங்களுக்கிடையே தடுமாறுவது குறைவு. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 முதல் ஏவப்பட்ட நம் நாவிக் தொகுதி பெருமைக்குரியது. ஆயினும் அதன் அணுக்கடிகாரங்கள் சில பழுதுற்றன. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட கோள் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆகவே நாவிக்கையும் ஏற்கும் கருவி நன்று. அதை மட்டுமே நம்புவது இப்போதைக்கு ஆகாது.

இரண்டாவது, உடலுறுதி. ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு செல்பேசியின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. செல்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்துவோருக்கு அதிர்வு தாங்கும் பிடி இன்றியமையாதது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு நீர்புகாக் கூடு வேண்டும். ஆறு வோல்ட் மின்சுற்றுடைய பழைய புல்லட் வைத்திருப்போர் பன்னிரண்டு வோல்ட் சார்ஜரை வாங்கி ஏமாற வேண்டா.

மூன்றாவது, கவனம். வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்பது 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதி. டிரெய்லர்கள் சூழ்ந்த சாலையில், வண்ணமயமான பெரிய வரைபடத்தைவிட அம்புக்குறி ஒன்றே நன்று எனக் கருதுகிறோம். தலைக்கவசத்தினுள் குரல் கேட்பவர், பின்னால் வரும் ஹாரனும் காதில் விழும்படி ஒலியைக் குறைத்துக்கொள்வது நலம்.

நான்காவது, மாற்றும் காலம். கருவி பழையதாவதற்கு முன் வரைபடம் பழையதாகிவிடுகிறது. புதுப்பித்த வரைபடம் கிடைக்கும் வரை, இணையமின்றியும் அது இயங்கும் வரை, பழைய கருவியே போதும். வரைபடம் புதுப்பிக்கப்படுவது நின்றால், பளபளக்கும் கருவியும் கிலோமீட்டர் கல்லுக்கு ஈடாகாது.

அந்த 4.4 கிலோமீட்டர் பிழை ஒருவரையும் கடலில் தள்ளவில்லை. ஏனெனில் அக்காலத்தில் வழி தெரிந்தவர் வழியில் இருந்தார். இன்று பிழை சில மீட்டராகச் சுருங்கிவிட்டது. வழி தெரிந்தவரை நிறுத்திக் கேட்கும் வழக்கமும் அதனோடு சுருங்கி வருகிறது. இராயபுரம் தாண்டி வடக்கே இரவில் வண்டி செலுத்துவோர், திரையில் பச்சை தெரிந்தாலும், டோல்கேட் தேநீர்க் கடையில் ஒரு வார்த்தை கேட்டுச் செல்லுங்கள். எந்தச் சாலையில் இந்நேரம் டிரெய்லர் வரும் என்பதை அவர்களே அறிவார்கள்.