வாடை சாட்சி ஆகாது

"வாயில சாராய வாடை, நடை தள்ளாட்டம்." குடித்து ஓட்டியதாகப் பிடித்தால் ரிப்போர்ட்டில் இப்படித்தான் எழுதுவார்கள். ஆளைப் பார்த்தே தீர்ப்பு சொல்லிப் பழகிய ஊருக்கு இது போதும். 1971இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இது போதாது என்றது. வாடை, தள்ளாட்டம், குளறும் பேச்சை மட்டும் வைத்துக் குடித்தான் என்று முடிவுகட்ட முடியாது. ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் ரத்தத்தில் துளி இருந்தாலும் குற்றம் என்றது. 1994 திருத்தம் அளவு வைத்தது: மூச்சுக்கருவிச் சோதனையில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும். கைதானவருக்கு 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும்; இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் கேட்பதுதான் வக்கீலின் வேலை. குடித்து ஓட்டுவதற்கு வக்காலத்து அல்ல இது. ரோட்டோரம் நடந்து போய்ச் சாகிறதும் நம்ம ஜனம்தான். நிரூபித்துவிட்டுத் தண்டி என்கிறோம், அவ்வளவுதான்.

2,000 ரூபாய் வரை இருந்த முதல் அபராதம் 2019 திருத்தத்தில் 10,000 ஆனது. லைசென்சும் போனால் டிரைவர் வீட்டில் உலை கொதிக்காது. "ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போப்பா" என்பார்கள். கட்டுவதற்கு முன் வக்கீல் கேளுங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அது தர்மம் இல்லை, உரிமை.